உப்புப் பார்க்கும் நேரம்

உப்பைப் போட்டாளா இல்லையா என்று வடிவுக்குச் சுத்தமாக நினைவில்லை. சட்டியில் சேவல் வேக ஆரம்பித்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. மூடியிருந்த மண்தட்டின் ஓரமாக ஆவி கசிந்துகொண்டிருந்தது. தீ இருக்கிறதா அணைந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு சின்னதாக வைத்திருந்தாள், இனி ஒன்றரை மணி நேரம் இப்படியே கிடக்க வேண்டும், கிழட்டுச் சேவல் அவசரத்துக்கெல்லாம் மசியாது. நல்லெண்ணெய் ஊற்றியது நினைவிருக்கிறது. சோம்பு பொரிந்தது, கறிவேப்பிலை போட்டதும் எண்ணெய் புறங்கையில் தெறித்தது, சின்ன வெங்காயம் அரைக்கிலோ, உரித்தே கண் போனது, அது வதங்கியது, இஞ்சி பூண்டு, மஞ்சள், கறித்துண்டுகள், எல்லாம் வரிசையாக நினைவிருக்கிறது. கறிக்கும் தண்ணீருக்கும் நடுவில் உப்பு வர வேண்டிய இடத்தில் மட்டும் ஓர் ஓட்டை. உப்புப் பரணியின் மூடி திறந்து கிடந்தது. அப்படியானால் போட்டிருக்கிறாள். இல்லை, கறியைக் கல்லுப்பும் மஞ்சளும் தேய்த்துக் கழுவினாளே, அப்போது திறந்த மூடியாகவும் இருக்கலாம். வெங்காயம் சீக்கிரம் வதங்கியதே, உப்பு விழுந்தால்தானே வெங்காயம் அப்படித் தண்ணீர் விடும். ஆனால் அவ்வளவு எண்ணெயில் எந்த வெங்காயம்தான் வதங்காது. உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். உப்பு எடுத்த கையில் ஒன்றிரண்டு பருக்கை ஒட்டிக்கொண்டிருக்கும். கையை இரண்டு தடவை கழுவியாயிற்று. இருபத்தாறு வருஷம் நூலகத்தில் வேலை பார்த்தவள், எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவள், ஒரு கை உப்பு போன இடம் தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றாள்.

வேறு வீட்டில் இது ஒரு விஷயமே இல்லை. கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் விட்டால் தீர்ந்தது. வடிவு சைவம். பிறந்ததிலிருந்து இந்த ஐம்பத்தொன்பது வயது வரைக்கும் கறியோ மீனோ முட்டையோ வாயில் வைத்ததில்லை. ஆனால் பாளையங்கோட்டையில் அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் நாட்டுக்கோழிக் குழம்பென்றால் நூலகத்தம்மா வீட்டுக் குழம்பு என்பார்கள். வீட்டுக்குப் பின்னால் தகரச் சாய்ப்பு இறக்கி, கறிக்கென்று தனி அடுப்பு, தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனி உப்பு என்று வைத்திருந்தாள். உள் அடுக்களைக்கும் இதற்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. உப்பு மட்டும் சேர்மக்கனி பார்ப்பார். அவள் புருஷன், பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர், கிரவுண்டின் இந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டால் அந்தக் கோடியில் பையன்கள் அட்டென்ஷனில் நிற்பார்கள் என்கிற குரல். குழம்பு முக்கால் பதத்துக்கு வரும்போது அவரே பின்வாசலுக்கு வந்து கையை நீட்டுவார், இவள் உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவாள், அவர் நக்கிவிட்டுச் சொல்வார். இருபத்தெட்டு வருஷமாக நடக்கிற காரியம். இன்றைக்குத்தான் நடக்காது. அவரோடு அவள் பேசிப் பதினோரு நாள் ஆகிறது.

பேசவில்லை என்றால் முழுக்கப் பேசவில்லை என்று அர்த்தமில்லை, ஒரே வீட்டில் இருந்துகொண்டு அது முடியுமா. அவர் ஃபேனைப் பார்த்து, "கரண்டு பில்லு கட்டியாச்சு" என்பார். இவள் ஃப்ரிட்ஜிடம், "காபி மேசையில இருக்கு, ஆறிப்போனா நான் பொறுப்பில்ல" என்பாள். காலையில் கூடச் சேவலை உரித்து வாட்டி மஞ்சள் தடவி வாங்கிக்கொண்டு வந்தவர், அதைச் சாய்ப்பு மேடையில் வைத்துவிட்டு மேலே தகரத்தைப் பார்த்துக்கொண்டே, "அக்கா பன்னெண்டரைக்கெல்லாம் வந்துருவாளாம், சேவலு ரெண்டு கிலோவுக்கு மேல இருக்கும்" என்றார். தகரம் பதில் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. அக்கா என்றால் பாக்கியத்தாய், அவருடைய மூத்த அக்காள், உடன்குடியில் இருக்கிறாள். அங்கேதான் வந்தது வினை. போன வாரத்துக்கு முந்தின புதன்கிழமை, அவள் வீட்டுப் பால் காய்ப்புக்குப் போயிருந்தார்கள், பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது யாரோ ஒருத்தி, வடிவு மைனி கோழிக்குழம்பு மாதிரி வராது என்று ஆரம்பிக்க, ஆளாளுக்குப் புகழ, இவளுக்கும் உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது, அப்போது இந்த மனுஷன் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "யக்கா, அவ கை வெறும் கரண்டிதான். ருசி பூராவும் என் நாக்கு. நான் இல்லன்னா அவளுக்கு உப்பும் தெரியாது சீனியும் தெரியாது" என்றார். கூடம் பூராவும் சிரித்தது. அதில் அவளுக்குப் பொறுக்க முடியாதது என்னவென்றால், அவளும் சிரித்தாள். சபையில் வேறென்ன செய்வது, சிரித்துத் தொலைத்தாள். பாக்கியத்தாய் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்போ அடுத்த வாரம் கழிச்சு ஞாயித்துக்கெழம வாரேன், யாரு ருசின்னு நானே சாப்பிட்டுச் சொல்லுதேன்" என்றாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது குரும்பூர் தாண்டும்வரைக்கும் வடிவு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள், அதற்கப்புறமும் ஜன்னலைத்தான் பார்த்தாள், அவர் கடலை வாங்கி நீட்டியபோது வாங்கவில்லை, அதோடு பேச்சு நின்றது. இன்றைக்குக் கறிக்குப் பின்னால் உப்பு வரவேண்டிய நேரத்தில் அவள் இங்கே இல்லை, உடன்குடிக் கூடத்தில் அந்தச் சிரிப்புக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கை தன் பாட்டுக்கு என்ன செய்ததோ.

தட்டைத் தூக்கி ஒரு கிளறு கிளறினாள். வறுத்து அரைத்த மல்லியும் மிளகும் தேங்காயும் இன்னும் பச்சையாகத்தான் மணத்தது, அடியிலிருந்து எண்ணெய் மேலே வரத் தொடங்கவில்லை. துண்டை அழுத்திப் பார்த்தால் கரண்டியைத் திருப்பித் தள்ளியது. கிடக்கட்டும். ஜெபமணி அக்கா சொல்வாள், சேவலைக் குக்கர்ல போட்டு அவிச்சா ரப்பரு, சட்டியில போட்டு மறந்துட்டா பஞ்சு என்று. பக்கத்து வீட்டு ஜெபமணி அக்கா, இப்போது மகளோடு கோயம்புத்தூரில் இருக்கிறாள், அவள்தான் இந்தக் குழம்பைக் கற்றுக்கொடுத்தவள். கல்யாணமான புதிதில் சேர்மக்கனி வீட்டில் கறிப் பேச்சே எடுக்கமாட்டார். உனக்காக விட்டுட்டேன் என்று சொல்லவும் மாட்டார், ஞாயிற்றுக்கிழமை ஆனால் கிரவுண்டுக்குப் போய்வருகிறேன் என்று போவார், திரும்பி வரும்போது தெருக்குழாயிலேயே மூன்று தடவை வாய் கொப்பளித்து, நாலு கிராம்பை மென்றுகொண்டு, பல் டாக்டர் வீட்டிலிருந்து வருகிறவர் மாதிரி வருவார். அவளுக்குத் தெரியாதா என்ன. தெரிந்தும் தெரியாத மாதிரி மூன்று வருஷம் ஓட்டினாள். அப்புறம் கடை எண்ணெய் வயிற்றைக் கெடுத்து அவர் ஒரு வாரம் மோர்ச்சோறோடு சுருண்டு கிடந்தபோது, அந்தப் பெரிய உடம்பு போர்வைக்குள் குழந்தை மாதிரி முழங்காலை மடக்கிக் கிடந்ததைப் பார்த்தபோது, இந்த மனுஷனுக்கு இனிமேல் நானே செய்துபோடுகிறேன் என்று ஒரே பிடியாக ஜெபமணி அக்கா வீட்டுச் சுவரேறிக் குதிக்காத குறையாகப் போய் நின்றாள். முதல் தடவை கோழியைத் தொடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு வாயால் மூச்சுவிட்டாள். கண்ணில் தண்ணீர் மிளகாய்க்கு வந்ததா அருவருப்புக்கு வந்ததா தெரியாது. அவர் சாப்பிட உட்கார்ந்து, தட்டைப் பார்த்து, அவளைப் பார்த்து, ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மெல்லாமலே இருந்தார். நல்லா இல்லையா என்று கேட்டாள். "இல்லளா, நல்லாருக்கு, கொஞ்சம் உப்பு கொறையுது" என்று மூக்கை உறிஞ்சினார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த உப்புப் பார்ப்பு.

யோசித்துப் பார்த்தால் முதல் ஒரு வருஷம்தான் கூட்டு, குறை என்று சொல்லியிருப்பார். அதற்கப்புறம் கையே அளவைப் படித்துக்கொண்டது, ஒரு கைப்பிடி, விரல் இடுக்கில் வழிகிறதை வழிய விட்டு மிச்சம். போன வருஷம் டாக்டர் அவருக்குப் பிரஷர் என்று மாத்திரை எழுதிக்கொடுத்து உப்பைக் குறைக்கச் சொன்னதும் கைப்பிடியைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டாள். எத்தனை வருஷமாக அவர் கையை நக்கிவிட்டு ஒரே வார்த்தைதான் சொல்கிறார், சரியா இருக்கு. சரியா இருக்கு. சரியா இருக்கு. அப்படியானால் யார் நாக்கு, யார் கை? இதை உடன்குடியில் அந்தக் கூடத்திலேயே கேட்டிருக்க வேண்டும். ஆனால் கேட்காமல் இருந்ததும் நல்லதுதானோ, ஏனென்றால் அதற்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்துகொண்டிருந்தது, இந்தப் பதினோரு நாளும் அவளைத் தூங்கவிடாமல் அரித்தது அதுதான். அவர் சரியா இருக்கு என்று சொன்னதெல்லாம் நிஜமாகவே சரியாக இருந்துதானா? கறுத்துப்போன தோசையைக் கூட முறுகலா இருக்கு என்று தின்கிற மனுஷன். அவள் எடுத்த சேலை எதையும் நன்றாக இல்லை என்று சொன்னதே கிடையாது. குறை சொன்னால் முகம் சுண்டிவிடுவாளே என்று இத்தனை வருஷம் உப்பில்லாததையும் கரிக்கிறதையும் சரியென்று விழுங்கிக்கொண்டு வந்திருந்தால்? தெருவெல்லாம் புகழ்கிறதே. தெரு அவர் பேச்சுக்குப் பயந்து புகழலாம். இதை அவளால் கண்டுபிடிக்கவே முடியாது. தான் சமைத்ததைத் தான் அறியாதவள் உலகத்தில் வேறு யாராவது இருப்பார்களா. அவர் சொன்னது கேலி என்பதற்காக அவளுக்குக் கோபமில்லை. ஒருவேளை உண்மையாக இருந்துவிடுமோ என்றுதான் கோபம். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை, அதற்குப் பதிலாகப் பேசாமல் இருந்தாள். கோபத்திலும் காலை மாத்திரையைக் காபி டம்ளருக்குப் பக்கத்தில் எடுத்து வைப்பதை மட்டும் நிறுத்தவில்லை, மத்தியானம் அவர் கட்டிலில் மல்லாந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று வாசற்படியில் நின்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் போவாள். போனால் போகட்டும் என்று விடமுடிகிறதா, சனியன்.

பன்னிரண்டு மணிக்கு எண்ணெய் தெளிந்து மேலே வந்துவிட்டது. பச்சை வாசனை போய், மிளகும் தேங்காயும் கறியோடு சேர்ந்து ஒரே மணமாகி, சாய்ப்பைத் தாண்டி எதிர்வீட்டு மாடிப்படி வரைக்கும் போயிருக்க வேண்டும், அங்கே ஒரு பூனை எழுந்து உட்கார்ந்தது. பின்வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே தெரியும், இருபத்தெட்டு வருஷமாக இதே நேரத்துக்கு வருகிற செருப்பு. வந்து நின்றார். தொண்டையைச் செருமினார். பள்ளிக்கூடத்தில் இந்தச் செருமலுக்கு ஐந்நூறு பேர் வரிசையில் நிற்பார்கள், இவள் கரண்டியைக் கழுவினாள், கழுவின கரண்டியையே மறுபடி கழுவினாள். கேட்டுவிடேன், என்றது மனசு. ஒரு சொட்டுதானே. இந்தாங்க, உப்பு பாருங்க, நாலு வார்த்தை. கேட்டால் என்ன ஆகும், அவர் சரியா இருக்கு என்பார், அல்லது கொறையுது என்பார், சட்டி பிழைத்துவிடும், மதினி பாக்கியத்தாய் வந்து சாப்பிட்டு ஆகா என்பாள், உடனே இவர் மீசையைத் தடவிக்கொண்டு, பாத்தியாக்கா நான் சொன்னேம்லா என்பார். அந்த ஆகா அவருக்குப் போகும். அன்றைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று ஒரு வார்த்தை, அவளைப் பார்த்துச் சொல்ல வேண்டாம், கொடிக்கயிற்றைப் பார்த்தாவது சொல்லட்டும், உடனே திரும்பிக் கரண்டியை நீட்டிவிடுகிறேன் என்று காத்துக்கொண்டிருந்தாள். அவர் கொடிக்கயிற்றைப் பார்த்தார். "வெயிலு நல்லா அடிக்கி, துணி காஞ்சிரும்" என்றார். துணி காய்ந்துதான் இருந்தது. அவர் கை லேசாக முன்னால் வந்ததை ஓரக்கண்ணால் பார்த்தாள், வந்த கை இடுப்பு வேட்டியை இறுக்குகிற மாதிரி இறுக்கிவிட்டுத் திரும்பிப் போயிற்று. செருப்புச் சத்தம் உள்ளே போனதும் கரண்டியை ணங்கென்று மேடையில் வைத்தாள். போகிறதைப் பார், கேட்டால்தான் என்னவாம், உப்பு பாக்கணுமா என்று அவர் கேட்டால் வாய் தேய்ந்துவிடுமா.

இனி யாரும் இல்லை. சட்டியும் அவளும்தான். கரண்டியில் குழம்பை எடுத்தாள். செம்பழுப்பாக, மேலே எண்ணெய் ஓர் அணா அகலத்துக்கு வட்டம் கட்டி, கறிவேப்பிலை ஒன்று ஓரத்தில் ஒட்டிக்கொண்டு. உதட்டுப் பக்கம் கொண்டுவந்தாள். சூடு மூக்கில் ஏறியது. வெறும் குழம்புதானே, கறித்துண்டா சாப்பிடப் போகிறாள். யார் பார்க்கப் போகிறார்கள், பூனைதான். சாமிக் குற்றமென்று அவள் நினைக்கவில்லை, அந்த மாதிரிப் பயமெல்லாம் கோழியை அறுத்துக் கழுவப் பழகின அன்றைக்கே போய்விட்டது. கையை நிறுத்தியது வேறு. அவளும் சேர்மக்கனியும் கல்யாணத்துக்கு ரிஜிஸ்டர் ஆபீஸில் போய் நின்றதிலிருந்து அப்பா அவளோடு பேசவில்லை. ஒன்பது வருஷம் கழித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் குழாயோடு, கூப்பிட்டனுப்பினார் என்று போனாள். ஏன் இப்படிப் பண்ணினாய் என்று கேட்பார், திட்டுவார், அழுவார் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு போனால், அவர் ரொம்ப நேரம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "அங்க கறி சாப்பிடுதியாம்மா?" இல்லப்பா, என்றாள். தலையை ஆட்டினார், அவள் கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான் அப்பாவுக்கும் அவளுக்கும் நடந்த பேச்சு. சத்தியம் எதுவும் வாங்கவில்லை. சாப்பிட்டிருந்தால் சாப்பிடுகிறேன் என்று சொல்லியிருப்பாள், அதற்காக அவர் கையை விட்டிருக்கவும் மாட்டார் என்று இப்போது தோன்றுகிறது. ஆனாலும் அவரிடம் சொன்ன அந்த ஒரு இல்லை, இல்லையாகவே இருந்துவிட்டுப் போகட்டும். கரண்டியைச் சட்டியில் கவிழ்த்தாள்.

பன்னிரண்டரை. பரணியைப் பார்த்தாள். அறிவோடு யோசிக்க வேண்டும். போட்டிருந்து இன்னொரு தடவை போட்டால் கரிக்கும், போடாமல் இருந்து அப்படியே விட்டால் சப்பென்று இருக்கும். சப்பென்று இருந்தால் இலையோரத்தில் உப்பு வைப்பதுதானே, தொட்டுக்கொள்வார்கள், யாருக்கும் கெடுதல் இல்லை, அதுதான் புத்தியுள்ளவள் செய்கிற காரியம். ஆனால் மதினி இலையோரத்து உப்பைத் தொடுகிற அந்த விரலை நினைத்தாள். பார்த்தியா, உப்பும் தெரியல சீனியும் தெரியல என்று வாயால் சொல்ல வேண்டாம், அந்த விரல் சொல்லிவிடும். போடவில்லை, என்று சொல்லிக்கொண்டாள். கறியைப் போட்டேன், உடன்குடிக்குப் போய்விட்டேன், திரும்பி வரும்போது கையில் தண்ணீர்ச் செம்பு இருந்தது, நடுவில் உப்பு இல்லவே இல்லை, நிச்சயம். இவ்வளவு நிச்சயமாக ஒரு விஷயம் தோன்றினால் அதில் ஏதோ கோளாறு இருக்கிறதென்று நூலகத்தில் கற்றுக்கொண்டிருக்கிறாள், எத்தனை தடவை இந்தத் தட்டில்தான் என்று கையை நீட்டி வேறு புத்தகம் வந்திருக்கிறது. என்றாலும் கை பரணிக்குள் போயிற்று. ஒரு கைப்பிடி, விரல் இடுக்கில் வழிகிறதை வழியவிட்டு, கொஞ்சம் சுருக்கி. போடும்போது இந்தத் தடவை கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே போட்டாள். கல்லுப்பு எண்ணெய்க்குள் இறங்கி மறைந்தது. யாரையும் கேட்காமல் போட்ட உப்பு என்று நினைத்ததும் பயத்தோடு பயமாக ஒரு சந்தோஷமும் வந்தது, இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவை. அதே நேரத்தில் வாசலில் பாக்கியத்தாயின் குரல், "ஏ வடிவு, தெருமுக்குலயே மணம் ஆளைத் தூக்குதே!"

இலை போட்டு, சோறு வைத்து, சட்டியையே கொண்டுவந்து நடுவில் வைத்தாள். அவளுக்கு ரசமும் அப்பளமும் உள்ளே இருக்கிறது, அப்புறம் சாப்பிட்டுக்கொள்வாள். முதல் கரண்டி மதினிக்கு, இரண்டாவது அவருக்கு. கறி எலும்பை விட்டுக் கழன்று வந்தது, பஞ்சுதான், அதில் சந்தேகமில்லை. அவள் மதினியைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். பிசைந்தார், ஒரு வாய் வைத்தார். தாடை ஒரு தடவை அசைந்து நின்றது. அவ்வளவுதான், வடிவுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு தடவை போட்டிருக்கிறாள். பாக்கியத்தாய் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து, தண்ணீர் டம்ளரைத் தேடி, நல்ல மனுஷி, மெதுவாகத்தான் சொன்னாள், "கறி நல்லா வெந்திருக்கு வடிவு... உப்புதான் ஒரு கல்லு..." அவள் முடிக்கவில்லை, அதற்குள் சேர்மக்கனி கிரவுண்டுக் குரலில், "உப்பு நான்தான் பாத்தேன்க்கா. அவ மேல தப்பில்ல. மாத்திரை திங்க ஆரம்பிச்சதுலேருந்து எனக்கு நாக்கு மரத்துப்போயி கெடக்கு. எனக்கு ஒண்ணும் தெரியல, சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு, சட்டியிலிருந்து தானே இரண்டு கரண்டி மொண்டு ஊற்றிப் பிசைந்து பெரிய கவளமாக உருட்டினார். சபையில் சொன்னதைச் சபையிலேயே திருப்பி எடுத்துக்கொள்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. தன் நாக்கைத் தானே கெட்டுப்போனதென்று சொல்கிறார். ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று அவள் தலையில் வந்து விழுந்தது. இந்தச் சரியா இருக்கு பொய். கேட்ட நொடியில் தெரிகிறது பொய் என்று, காது மடல் சிவந்திருக்கிறது, கண் அவள் பக்கமே வரவில்லை, வார்த்தை வேகமாக வருகிறது. இத்தனை வருஷம் பின்வாசலில் சொன்ன சரியா இருக்கு எதுவும் இப்படி இருந்ததில்லை. ஒன்றுகூட இல்லை. அவர் பொய் சொல்லியிருந்தால் முதல் தடவையே பிடித்திருப்பாள். அப்படியானால் அத்தனை குழம்பும் சரியாகத்தான் இருந்திருக்கிறது. அத்தனையும் அவள் குழம்பு. சந்தோஷப்படக்கூட நேரமில்லை, கவளம் அவர் வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

"வைங்க கீழ!" என்று கத்தினாள். இரண்டு பேரும் திடுக்கிட்டுப் பார்த்தார்கள். "பிரஷரை வச்சுக்கிட்டு உப்பா அள்ளித் திங்கேளே, அறிவிருக்கா உங்களுக்கு? பொய் சொல்லுதாரு மதினி, இவரு ஒண்ணும் பாக்கல. நான்தான் போட்டேன். ரெண்டு தடவ போட்டுட்டேன்." பாக்கியத்தாய் டம்ளரைக் கீழே வைத்தாள். "நீதான் வாயிலயே வைக்க மாட்டியே, ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது?" "நான் போட்ட உப்பு எனக்குத் தெரியாதா?" என்றாள் வடிவு, சொல்லும்போதே மூச்சு வாங்கியது. சேர்மக்கனி கையிலிருந்த கவளத்தை இலையில் வைத்தார். நிமிர்ந்து, பதினோரு நாளில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே அக்காளிடம் சொன்னார். "கேட்டியாக்கா. நான் தின்னுட்டும் பொய் சொன்னேன். அவ திங்காமலே உள்ளதைச் சொல்லிட்டா. அன்னைக்கு ஒங்க வீட்டுல நான் ஒளறினது தப்பு. இது அவ குழம்பு, என்னைக்கும் அவ குழம்புதான்." வடிவு இரண்டு துணியைச் சட்டியின் காதில் சுற்றிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு சாய்ப்புக்கு நடந்தாள். கண் மறைத்தது, சட்டிச் சூடு என்று வைத்துக்கொள்ளலாம். கரிக்கிற குழம்பை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியும், யாரையும் கேட்க வேண்டாம், ஒரு முழுத் தேங்காயைத் திருகிக் கெட்டிப் பால் எடுத்து ஊற்றி, நாலு உருளைக்கிழங்கைப் பெரிசாக வெட்டிப் போட்டுக் கால் மணி நேரம் விட்டால் மட்டுப்படும். பின்னாலேயே வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. "எச்சிக் கையோட எங்க வாரீங்க? கழுவிட்டு வந்து தேங்காயை உடைங்க" என்றாள் திரும்பாமலே. "சரிளா" என்று அவர் குழாயடிக்குப் போனார். அவர் மேல் அப்படி ஒரு பிரியம் பொங்கிக்கொண்டு வந்தது அவளுக்கு. கோபமும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைச் சாயங்காலம் மதினியைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம், இப்போது குழம்பு காத்துக்கொண்டிருக்கிறது.